நமக்கேன் வம்பு?

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டிச் சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், மாநில எல்லையைக் கடந்தவுடன் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிப் பகுதியுள் நுழைகின்றனர். இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடியினரும், பிற்காலத்தே குடியேறிய தமிழரும் மலையாளிகளும் கலந்து வாழும் மலைநாடு அது. தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று இழைந்து வழங்குவதை அங்குள்ள சந்தைகளில் கேட்கலாம். அகளி, தாவளம் முதலிய ஊர்களைத் தாண்டி மண்ணார்க்காடு நோக்கிப் போகும் வழியில் முக்காலி என்னும் சிறிய சந்திப்பு உள்ளது. சைலண்ட் வேலிக் காட்டுக்குச் செல்வோர் இறங்கும் இடம் அதுவே. சில கடைகள், ஜீப்புகள் நிற்குமிடம், காட்டிலாகாவின் அலுவலகம், இவ்வளவுதான் அவ்வூர்.

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி அவ்விடத்தில் ஒரு கூட்டம் கூடிற்று. கூட்டத்தின் நடுவே மது என்னும் பழங்குடி இளைஞர் கைகள் கட்டப்பட்டு நின்றார். அவர் மனநலம் குன்றியவர். வீட்டைவிட்டு விலகிக் காட்டுக் குகையில் தங்கி வந்தவர். கடைகளில் அரிசி முதலிய தின்பண்டங்களைத் திருடினார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம். சிலர் காட்டினுள் சென்று அவரைப் பிடித்து, கட்டி, முக்காலி வரையில் நடத்திக் கொண்டுவந்தனர், அடித்தனர். கட்டுண்டு நின்றவரோடு தம் முகமும் சேரும்படி ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படமே பின்னர் நாடு முழுவதும் பரவிற்று. போலீசார் வந்து அவரைத் தம் ஜீப்பில் ஏற்றிச் சென்றனர். மருத்துவமனை சேருமுன் மதுவின் உயிர் பிரிந்தது.

அடித்தவர்களைப் பற்றி நீதிமன்றம் தீர்ப்புக் கூறிவிட்டது. அதற்குப் பின்னர் வருகிறேன். இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்டது அடிக்காதவர்களைப் பற்றி. பட்டப்பகல், ஆள் நடமாட்டமுள்ள இடம், கடைக்காரர், வழிப்போக்கர், வண்டியோட்டிகள் எனப் பலர் பார்க்கக்கூடிய நிலை. அவ்வளவு பேர் இருந்தும், போதும் நிறுத்துங்கள் என்று சொல்லி அதை நிறுத்த வல்ல ஒரு குரல் எழவில்லை. ஏன்?

‘மனிதர்களின் மனம் கல்லாகிவிட்டது, காலம் கெட்டுவிட்டது’ என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. இவ்விடை எளிது, ஆனால் அதனால் ஒன்றும் விளங்குவதில்லை. அன்று முக்காலியில் நின்ற அதே மனிதர்கள், ஆற்றில் ஒரு குழந்தை விழுந்திருந்தால் குதித்து எடுத்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து, முன்பின் அறியாதவர்களை மாடிகளிலிருந்து மீட்டனர். அதே மாநிலம், அதே ஆண்டு. இடையே ஆறே மாதங்கள். கல்மனம் என்ற சொல் இரண்டையும் ஒருங்கே விளக்கமாட்டாது.

இப்பொருளைப் பற்றிய ஆராய்ச்சி முறையாகத் தொடங்கியது அமெரிக்காவில். 1964-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் தேதி விடியுமுன், நியூயார்க் நகரின் க்யூ கார்டன்ஸ் பகுதியில், வேலையிலிருந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரங்கள் கழித்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, 38 பேர் சன்னல் வழியே இக்கொலையைப் பார்த்திருந்தும் ஒருவர்கூடப் போலீசாரை அழைக்கவில்லை என்று எழுதியது. உலகமே திடுக்கிட்டது. பல ஆண்டுகள் பாடப் புத்தகங்களில் இக்கதை இடம்பெற்றது.

இக்கதையில் பாதிதான் உண்மை என்பது பின்னர்த் தெரியவந்தது. 38 பேர் பார்த்ததாகச் சொன்ன கணக்கு மிகைப்பட்டது. பெரும்பாலோர் ஏதோ கூச்சலைக் கேட்டனரேயன்றிக் கொலையைக் காணவில்லை. அண்டை வீட்டார் ஒருவர் சன்னலைத் திறந்து உரக்க அதட்டியபோது, கொலைகாரன் உண்மையிலேயே ஓடிப்போனான். சிறிது நேரத்துக்குப் பின் அவன் திரும்பி வந்து தாக்கியது, பெரும்பாலோர் கண்ணுக்குப் படாத கட்டடத்தின் பின்புற நடையில். அங்கே அந்தப் பெண்ணைத் தம் மடியில் தாங்கிக்கொண்டவர் சோபியா ஃபரார் என்னும் அண்டை வீட்டு மாது. கொலைகாரன் இன்னும் அருகில் இருக்கின்றானா என்பதுகூட அவருக்குத் தெரியாது, ஆயினும் ஓடிவந்தார். இன்னோர் அண்டை வீட்டார் தாக்குதலைக் கண்டும் கதவைச் சாத்திக்கொண்டார். ஏன் என்று போலீசார் கேட்டதற்கு, இதில் சம்பந்தப்பட விரும்பவில்லை என்ற பொருள்பட அவர் விடையளித்தார். ‘நமக்கேன் வம்பு’ என்று நம் ஊர்த் திண்ணைகளில் கேட்கும் அதே சொல்தான். மொழி மட்டும் வேறு.

பத்திரிகைச் செய்தி பிழையுடையதாயினும், அது கிளப்பிய வினா நல்லதொரு வினாவே. ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளநூலார் 1968-இல் அதனைச் சோதித்துப் பார்த்தனர். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி, ஒலிபெருக்கிக் கருவி வழியாகப் பேசிக்கொள்ளச் செய்தனர். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வந்து அவர் தவிப்பதுபோன்ற ஒலி கேட்கும்படி முன்னரே ஏற்பாடு. இதைக் கேட்பவர் தாம் ஒருவரே என்று எண்ணிய மாணவர்களில், அவ்வொலி அடங்குமுன்பே 85 விழுக்காட்டினர் உதவி தேடி வெளியே வந்தனர். தம்மைத் தவிர இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணியவர்களில் அவ்வாறு வந்தவர் 31 விழுக்காடே. வராதவர்கள் கவலையற்றவர்களாக இல்லை. கைகள் நடுங்க, வியர்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தனர். பொறுப்பு பலர் தலையில் பங்கிடப்படும்போது ஒவ்வொருவர் பங்கும் மெலிந்துபோகிறது. ‘யாரேனும் சொல்லியிருப்பார்கள்’ என்று எல்லாரும் எண்ண, ஒருவரும் சொல்லாமற் போகின்றனர்.

அவ்விருவரே செய்த இன்னொரு சோதனையில், அறைக்குள் மெல்லப் புகை வரச் செய்தனர். தனியே இருந்தவர்களில் நான்கில் மூவர் எழுந்து சென்று தெரிவித்தனர். அசையாமல் எழுதிக்கொண்டிருக்கும்படி முன்னரே சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு அமர்த்தப்பட்டவர்களிலோ பத்தில் ஒருவரே எழுந்தார். ஏனையோர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, அப்படியே இருந்தனர். பிறர் முகத்தைப் பார்த்தே நாம் ஆபத்தை அளக்கின்றோம். அவரும் நம் முகத்தைப் பார்த்தே அளக்கின்றார் என்பதை மறந்துவிடுகின்றோம்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால், கூட்டம் என்றாலே கையாலாகாதது என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அதுவும் தவறு. 2019-இல் ரிச்சர்ட் ஃபில்பாட் முதலிய ஆராய்ச்சியாளர்கள், இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் தெருக் காமிராக்களில் பதிவான 219 சச்சரவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். பத்தில் ஒன்பது சச்சரவுகளில் அருகிலிருந்தோர் எவரேனும் ஒருவராவது குறுக்கிட்டு விலக்கிவிட முயன்றிருந்தனர். கூடி நின்றோர் எண்ணிக்கை மிகுதியாக இருந்த இடங்களில் யாரேனும் ஒருவர் முன்வருவதற்கான வாய்ப்பும் மிகுதியாகவே இருந்தது. செல்வம், குற்றம், பழக்கவழக்கம் எல்லாவற்றிலும் வேறுபட்ட இம்மூன்று நகரங்களுக்குமிடையே இதில் பெரிய வேற்றுமை இல்லை. தெருச்சண்டையை விலக்கிவிடுவது நம்மூர்ப் பழக்கம் மட்டுமன்று. மனித இயல்பே அதுதான் போலும்.

அவ்வாறாயின் முக்காலியில் நேர்ந்தது என்ன? இங்கேதான் நாம் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். இருவர் அடித்துக்கொள்வது வேறு. ஊரே கூடி ஒருவரை அடிப்பது வேறு. இருவர் சண்டையில் சுற்றி நிற்பவர் மூன்றாமவர். ஊர் கூடி அடிக்கும்போது மூன்றாமவர் என்று ஒருவர் இல்லை. கையோங்கியவர் சிலரே, ஆனால் அச்சிலர் ‘ஊரின் சார்பில்’ ஓங்குவதாக எண்ணுகின்றனர். சுற்றி நிற்போரின் மௌனத்தை அவர்கள் சம்மதமாகக் கொள்கின்றனர். படம் பிடிப்பவரைக் கண்டால் அவர்களுக்கு இன்னும் உற்சாகம். வேடிக்கை பார்க்கிறோமேயன்றி நாம் ஒன்றும் செய்யவில்லை என்று நிற்பவர் எண்ணுகிறார். அடிப்பவர் கண்ணுக்கோ அவர் தம் பக்கத்து ஆள். இவ்விரு எண்ணங்களுக்குமிடையே ஓர் உயிர் போய்விடுகிறது.

‘திருடன்’ என்ற ஒரு சொல் விழுந்ததும் அடிபடுபவர் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறார். அதன்பின் அவர்மேல் விழும் அடி, அடியாகத் தோன்றுவதில்லை, தண்டனையாகத் தோன்றுகிறது. இதனை வேறொரு வகையில் தெளிவாக்கியது, 2005-இல் மார்க் லெவின் என்பாரும் அவர்தம் குழுவினரும் லங்காஸ்டர் பல்கலைக் கழகத்தில் நடத்திய ஒரு சோதனை. மான்செஸ்டர் யுனைட்டெட் என்னும் கால்பந்துக் குழுவின் அபிமானிகளான மாணவர்கள் நடந்துசெல்லும் வழியில், ஒருவர் தடுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு துடிப்பார். விழுந்தவர் அதே குழுவின் சட்டையை அணிந்திருந்தபோது 13 பேரில் 12 பேர் நின்று உதவினர். எதிர்க்குழுவாகிய லிவர்பூலின் சட்டையோ சாதாரணச் சட்டையோ அணிந்திருந்தபோது, மூன்றில் ஒரு பங்கினர் அளவே நின்றனர். பின்னர் ஒரு மாறுதல் செய்தார்கள். உங்கள் குழுவைப் பற்றியதன்று, பொதுவாகக் கால்பந்து இரசிகர்களைப் பற்றியதே இந்த ஆராய்ச்சி என்று மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தனர். அவ்வளவுதான், இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் பெரும்பாலோர் உதவினர். சாதாரணச் சட்டைக்காரர் மட்டும் முன்போலவே கவனிப்பாரற்றுக் கிடந்தார்.

மனமும் அதேதான், கருணையின் அளவும் அதேதான். ‘நம்மவர்’ என்ற வட்டத்தின் கோடு மட்டும் சற்றே நகர்ந்தது. முக்காலிக் கூட்டத்தில் மது அக்கோட்டுக்கு வெளியே நின்றார். காட்டுவாசி, குகையில் இருப்பவர், புத்தி சுவாதீனமில்லாதவர், திருடன் என ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வேலிகள். அவர் பெயர் சொல்லி, அவரை நான் அறிவேன் என்று கூட்டத்தினிடையே உரக்கச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அவ்வேலிகளுள் ஒன்றேனும் சாய்ந்திருக்கும்.

நேயர்களே, மாநிலம் விட்டு மாநிலம் சென்று வாழும் உங்களுக்கு இந்தக் கோடு எங்கே கிடக்கிறது என்பது பிறரைவிட நன்றாகத் தெரியும். நாட்டில் ஏதேனும் ஒரு பூசல் கிளம்பினால் நேற்றுவரை ‘அண்ணாச்சி’யாக இருந்தவர் ஒரே இரவில் அயலாராகிவிடுவார். முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய வழக்கு 2011 டிசம்பரில் தெருவுக்கு வந்தபோது, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் பலர் மிரட்டப்பட்டு, மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஓடிவந்தனர். அதே நாட்களில் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையைப் பற்றி ஏலக்காய் பறிக்கும் பெண்ணுக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் என்ன வழக்கு?

அண்மையில், 2025 டிசம்பரில், வாளையாற்றுக்கு அருகே அட்டப்பள்ளம் என்னுமிடத்தில், சத்தீஸ்கர் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளி ஒருவர் திருடன் என்ற ஐயத்தின்பேரில் அடித்துக் கொல்லப்பட்டார். வாளையாறு, தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் நுழைவோர் நன்கறிந்த எல்லை. ஊர் தெரியாத, மொழி தெரியாத, தமக்காகப் பேச ஆளில்லாத ஒருவர் கூட்டத்தின் கையில் சிக்கினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிற மாநிலத்தாரே இவ்வாறு செய்கின்றனர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு நின்ற குடும்பத்தினரை ஒரு கூட்டம் சூழ்ந்தது. அக்குடும்பத்து மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதே காரணம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அப்பொழுது கைப்பேசிகளில் உலவிற்று. அம்மூதாட்டி அடிபட்டு மாண்டார். அடித்தவர்களும் தமிழரே, இறந்தவரும் தமிழரே. வதந்திக்கு மொழியும் எல்லையும் கிடையா.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பெருமைப்படத்தக்கதன்று, ஆயினும் சொல்லிவிடுகிறேன். இடுக்கி மாவட்டத்து எல்லைப்புற ஊர் ஒன்றில், பேருந்துக்காகக் காத்திருந்த மாலைப்பொழுது. கைப்பேசியைத் திருடிவிட்டான் என்று ஓர் இளைஞனைச் சிலர் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தனர். தோட்டவேலைக்காரன் என்பது உடையிலேயே தெரிந்தது. முதல் அறை விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. அரை நிமிஷத்தில் முப்பது பேர் கூடிவிட்டனர். நானும் நின்றேன். வெளியூர்க்காரனாகிய நான் பேசினால் என்மேலும் கை விழுமோ என்ற எண்ணமே என்னை முந்திற்று. உண்மையில் அவன் எடுத்திருந்தால் என்ன செய்வது என்றும் ஓர் எண்ணம். இப்படி இரண்டு சாக்குகள் எனக்குக் கிடைத்தன.

தேநீர்க் கடையிலிருந்து ஒரு வயதான அம்மாள் கையில் கரண்டியோடு இறங்கி வந்தார். மலையாளிதான். அடிப்பவர்களை அவர் திட்டவில்லை; அடிபட்டவனுக்குப் பரிந்தும் பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்து அரைத் தமிழும் அரை மலையாளமுமாக ஒரு கேள்விதான் கேட்டார்: இந்தப் பையன் யார் வீட்டுப் பையன், உங்களில் யாருக்காவது தெரியுமா? ஒரு கணம் அமைதி. பின்பு பின்வரிசையிலிருந்து ஜீப் ஓட்டுநர் ஒருவர், “எனக்குத் தெரியும்மா. எங்க லயத்துப் பையன்தான். அவங்க அப்பா போடியில ஆஸ்பத்திரியில கெடக்குறாரு” என்றார். அதுவரை அவரும் என்னைப்போல் வாய்மூடி நின்றவரே! அடுத்து இன்னொருவர், “போலீசுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டார். கூட்டம் கலையத் தொடங்கிற்று. அடித்த கைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. போலீசார் வந்தபோது அவ்விளைஞன் கடைப் பலகையில் அமர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கைப்பேசி கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது. என் பேருந்து வந்துவிட்டது.

அந்த அம்மாள் உளநூல் படித்தவர் அல்லர். ஆனால் அவர் செய்தது, ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் முயன்று கண்டதற்கு ஒத்திருந்தது. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டமையால், அவனை மீண்டும் கோட்டுக்கு உள்ளே இழுத்துவிட்டார். கேள்வி கேட்டமையால், எல்லாரும் ஒரே மனத்தோடு இருக்கின்றனர் என்ற பொய்த் தோற்றத்தையும் கலைத்தார். சாலமன் ஆஷ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1950-களில் செய்த சோதனைகளும் இதையே காட்டின. அறையிலுள்ள அனைவரும் தவறான விடையைச் சொன்னால், சரியான விடையைக் கண்ணால் கண்டவரும் பல தடவை அவர்களோடு ஒத்துப்போய்விடுகிறார். ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால் போதும், அவ்வாறு ஒத்துப்போவது பெருமளவு குறைந்துவிடுகிறது. கூட்டத்தின் பலம் அதன் எண்ணிக்கையில் இல்லை, மறுப்பாரின்மையில்தான் இருக்கிறது.

ஆயுதம் வந்துவிட்ட இடத்தில் நிலைமை வேறு. 2016 மார்ச் 13-ஆம் தேதி, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி மாறி மணம் செய்துகொண்ட சங்கர், கௌசல்யா தம்பதியர் அரிவாளால் வெட்டப்பட்டனர், சங்கர் இறந்தார். அது காமிராவில் பதிவாகிப் பலரும் கண்டனர். அரிவாளின் முன் வெறுங்கையோடு பாயவில்லை என்று எவரையும் நான் குறைகூறத் துணியேன். வெட்டியவர்கள் சென்றபின் ஓடிச்சென்று தாங்குவதும், இரத்தத்தை அடக்கித் துணி கட்டுவதும், வண்டி பிடிப்பதும், வந்தவர்களின் அடையாளத்தையும் வண்டி எண்ணையும் மனத்தில் குறித்துக்கொள்வதும் வேறு செய்தி. அவற்றுக்கும் நாம் தயங்குகின்றோமெனில் அதற்குக் காரணம் அரிவாளன்று. பிற்பாடு வரும் போலீஸ் நிலையமும் நீதிமன்றமும்.

இந்த அச்சத்தை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடலாகாது. சாட்சி சொல்லப் போய் நாட்கணக்கில் கூலி இழந்தவர்களை நாம் அறிவோம். உதவப் போனவரையே முதலில் உட்காரவைத்து விசாரித்த கதைகளும் உண்டு. அண்மைக்காலத்தில் சட்டம் சிறிது மாறியிருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுவோர்மீது வழக்குத் தொடர முடியாதென்றும், அவர்தம் பெயரையும் முகவரியையும் வெளியிடக் கட்டாயப்படுத்தலாகாதென்றும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் கூறுகின்றன. சாட்சிகளுக்குப் பாதுகாப்பளிக்கும் திட்டமொன்றை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் நாடு முழுமைக்கும் சட்டமாக்கிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 103-ஆம் பிரிவோ, ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ ஒன்றுகூடி, இனம், சாதி, பிறந்த இடம், மொழி முதலிய காரணங்களால் ஒருவரைக் கொன்றால், கூட்டத்தில் அவ்வாறு செய்த ஒவ்வொருவருக்கும் மரணதண்டனையோ ஆயுள் தண்டனையோ உண்டு என்கிறது. பிறந்த இடம், மொழி என்னும் இரு சொற்கள் அங்கே இடம்பெற்றிருப்பதை, வேற்று மாநிலத்தில் வாழ்வோர் அறிந்துவைத்திருப்பது நன்று. திருடனைப் பொதுமக்கள் பிடிக்கலாம். ஆனால் தாமதமின்றிப் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கும் உரிமையை எந்தச் சட்டமும் எவருக்கும் கொடுக்கவில்லை.

மதுவின் வழக்குக்குத் திரும்புவோம். விசாரணை தொடங்கவே நான்கு ஆண்டுகள் சென்றன. மண்ணார்க்காட்டுத் தனி நீதிமன்றத்தில் 2022-இல் சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டேறினர். அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர், முன்னர்த் தாம் போலீசாரிடம் கூறியதை மறுத்துப் பிறழ்ந்தனர். முதலில் முக்காலிச் சந்திப்பில் நேர்ந்த மௌனம், நான்கு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்திலும் தொடர்ந்தது எனலாம். சம்பவ நாளில் பதிவான காட்சி ஒன்றைத் திரையில் ஓட்டிக் காட்டியபோது, அதில் தாமே இருந்த சாட்சி ஒருவர், எனக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்றார். நீதிமன்றம் அவரைக் கண் மருத்துவரிடம் அனுப்பிற்று. பார்வையில் குறையொன்றும் இல்லை என்று சோதனையில் தெரிந்தது.

சாட்சிகளைக் கலைக்க முயன்றனர் என்பதற்காக, எதிரிகளில் பன்னிருவரின் ஜாமீனை 2022 ஆகஸ்டில் அந்நீதிமன்றம் இரத்துச் செய்தது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் அளிக்கப்பட்டது. மதுவின் தாயும் சகோதரியும் மிரட்டல்களுக்கிடையே நீதிமன்றத்துக்கு நடந்தனர். 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி, 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. மறுநாள் அவர்களுள் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவலும் ஒருவருக்கு மூன்று மாதச் சிறையும் விதிக்கப்பட்டன. அத்தனை பேர் பிறழ்ந்தும் வழக்கு நிலைத்தது, எஞ்சியோர் தாம் கண்டதைக் கண்டபடி சொன்னமையால்தான். அன்று முக்காலியில் வாய் திறக்காதவர்களும் அவர்களிடையே இருந்திருக்கலாம். அந்நாளில் தவறவிட்டதை அவர்கள் கூண்டில் செய்தனர்.

நீங்கள் இருக்கும் ஊர் பெங்களூராக இருக்கலாம், மும்பையாக இருக்கலாம், மூணாற்றுத் தோட்டமாக இருக்கலாம். இப்படியொரு கூட்டத்தின் ஓரத்தில் நிற்க நேர்ந்தால், தனியே பாய்ந்து விலக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, இது சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். ‘யாராவது போலீசைக் கூப்பிடுங்கள்’ என்று பொதுவாகக் கூவினால் எவரும் கூப்பிடமாட்டார். ‘நீலச் சட்டைக்கார அண்ணே, நீங்க கூப்பிடுங்க’ என்று ஒருவரைச் சுட்டிச் சொன்னால் அவரால் தட்ட முடியாது. அல்லது நீங்களே 112 என்ற எண்ணை அழைக்கலாம். நாட்டின் எந்த மாநிலத்திலிருந்தும் அவ்வெண் ஒன்றே. அடிபடுபவருடைய பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். கூட்டத்தின் காதில் விழும்படி உரக்கக் கேளுங்கள். கைப்பேசியில் படம் பிடித்திருந்தால் அதனைப் பிறருக்கு அனுப்பாமல் புலன்விசாரணை செய்யும் அதிகாரியிடம் கொடுங்கள். சம்மன் வந்தால், எந்தத் தேதி, எந்த நீதிமன்றம் என்று குறித்துக்கொண்டு, வேலை செய்யுமிடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய் வாருங்கள். மிரட்டல் ஏதேனும் வந்தால், பாதுகாப்புக் கோரும் மனுவை அந்த வழக்கு நடக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.